கண்டெய்னர் அழிந்த பிறகும் தங்கிவிடும் சிகுரூப்புகள்: உதவி தேவை

எல்லோருக்கும் வணக்கம். கண்டெய்னர்கள் (தனித்தனியாகப் பிரித்து ஓட்டப்படும் நிரல் சூழல்கள்) அடிக்கடி உருவாகி அழியும் லினக்ஸ் சர்வர் இது. ஓடுவது சிகுரூப் வி2: பிராசஸ்களைக் குழுவாக்கி அவற்றின் மெமரி போன்றவற்றைக் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தும் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) வசதி; ஒவ்வொரு குழுவும் ஒரு டைரக்டரியாகத் தெரியும்.

நீக்க மறுத்து 'பிஸி' என்று பிழை காட்டிய டைரக்டரிகளைச் சரிசெய்துவிட்டேன். கண்டெய்னருக்குள் ஓடிய சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) விட்டுப்போன துணை சிகுரூப்புகள்தான் காரணம். அடியிலிருந்து மேலாக ஆர்எம்டிர் (டைரக்டரியை நீக்கும் கட்டளை) கொடுத்ததும் போய்விட்டன. என்னை வாட்டுவது வேறு. டைரக்டரி மறைந்த பிறகும் மேல்மட்டத்து 'சிகுரூப்.ஸ்டாட்' கோப்பில் 'என்ஆர்_டையிங்_டிசென்டன்ட்ஸ்' எண் (நீக்கப்பட்டும் கெர்னலில் இன்னும் முழுதாக விடுபடாத சிகுரூப்புகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகிறது. பிராசஸ் எதுவும் மிச்சமில்லை. மொத்தக் கேச்சையும் காலிசெய்யும் 'டிராப்_கேச்சஸ்' கொடுத்தால் எண் நன்றாக இறங்குகிறது, பிறகு மறுபடி ஏறுகிறது. ஆகவே, அழிந்த மெமரி சிகுரூப்பின் கணக்கில் உள்ள பேஜ் கேச்தான் (கோப்புகளின் பக்கங்களை மெமரியில் வைத்திருக்கும் இடம்) அதைக் கெர்னலில் பிடித்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பல கண்டெய்னர்கள் ஒரே வால்யூமை (பகிர்ந்த சேமிப்பிடம்) படிப்பதால் அந்தக் கேச் சூடாகவே, அதாவது தொடர்ந்து பயன்பாட்டிலேயே, இருக்கிறது.

எந்தக் கோப்புகளின் பக்கங்கள் எந்தச் சிகுரூப்பைப் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வழி உண்டா? கண்டெய்னரை நிறுத்தும் முன் அதன் சிகுரூப்பின் மெமரியைத் திரும்பப் பெறச் சொல்லும் 'மெமரி.ரீக்ளெய்ம்' கோப்பில் எழுதிக் காலிசெய்வது பலன் தருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மொத்தக் கேச்சையும் அடிக்கடி காலிசெய்தால் மற்ற சேவைகள் மந்தமாகின்றன. ரீபூட் செய்யவும் இப்போது முடியாது.