தறிச் சத்தம் பழகிய காதுக்குச் சுருதி பிடிபடுமா? 48 வயதில் வயலின்

சோமனூர்த் தறிக்காரன்:
வணக்கம். வயது 48. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன். மீசை முளைத்த நாளிலிருந்து இதே தொழில்தான். மகள் பள்ளியில் படித்தபோது வாசித்த வயலின் பரண்மேல் கிடக்கிறது. கல்லூரிக்குப் போன பிறகு அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எடுத்துப் பழகலாம் என்று ஆசை. மேடை ஏறும் எண்ணமெல்லாம் கிடையாது. குன்னக்குடி வைத்தியநாதன் கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டவன். ஒரு பாட்டையாவது இன்ன பாட்டு என்று பிறர் கண்டுபிடிக்கிற அளவுக்கு வாசித்துவிட்டால் போதும்.

விசாரிக்கப் போன இடத்தில் ஒரு வாத்தியார், "தறிக்காரர் காதில் சுருதி நிற்காது, கீபோர்டு பழகுங்கள்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்து நாலு தறி ஓடும்போது எந்தத் தறியில் நாடா (ஊடு நூலோடு குறுக்கே ஓடும் கட்டை) தட்டுகிறது என்று கொட்டகை வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். ஆனாலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் பேச்சு கேட்கிறது, சொல் புரிவதில்லை. 'ச'வும் 'த'வும் குழம்புகின்றன. இந்தக் காதை வைத்துக்கொண்டு வயலின் ஆகுமா? பரண்மேல் இருப்பதை அப்படியே எடுத்து வாசிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு:
காது கிடக்கட்டும் அண்ணா, வீட்டில் அம்மணியிடம் உத்தரவு வாங்கிவிட்டீர்களா? என் மைத்துனர் பழகிய காலத்தில் அவர் வில்லை எடுத்ததும் எதிர் வீட்டு நாய் ஊளையிடும். சுருதி நாய்க்குத்தான் சரியாக இருந்தது.

செவித்திறன் பரிசோதகர், கோவை:
அண்ணா, நீங்கள் சொல்லும் அறிகுறி தறிக்காரர்களிடம் சாதாரணமாகப் பார்ப்பதுதான். இரைச்சலில் கெடும் காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்ச ஒலிகள். 'ச', 'த' போன்ற மெய்கள் தெளிவாகக் கேட்க அந்தப் பகுதிதான் வேண்டும். ஒரு கட்டைச் சுருதியின் ஸட்ஜமோ ('ஸ') ஏறக்குறைய 261 ஹெர்ட்ஸ். வயலினில் நீங்கள் பழகப் போகும் சுரங்கள் எல்லாம் சேதமான பகுதிக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே சுருதி பிடிபடாது என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

ஒன்று மட்டும் நடக்கலாம். வில் தந்தியில் உரசும் கீச்சொலி அந்த உச்சப் பகுதியில் நிறைய இருக்கும். அது உங்களுக்குக் குறைவாகவும் வீட்டாருக்கு முழுதாகவும் கேட்கும். வாத்தியார் "கீறுகிறது" என்றால் நம்பிவிடுங்கள். ஒருமுறை ஆடியோகிராம் என்ற செவித்திறன் சோதனை எடுத்துப் பாருங்கள். கொட்டகையில் காதடைப்பான் போடுங்கள். 85 டெசிபலுக்கு மேல் நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டாலே காது தேயும். விசைத்தறிக் கொட்டகை அதைத் தாண்டித்தான் இரைகிறது. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கோபி பிடில் டீச்சர்:
தம்பி, நாடா தட்டுவதை வாசலில் நின்றே கண்டுபிடிக்கிறவரைக் கீபோர்டுக்கு அனுப்பிய மகராசன் யாரோ! ஆனால் சுருதி தனிப் பாடம்தான். வீணையில் சுர இடத்தைக் காட்டும் மெட்டுக் கம்பி உண்டு, வயலினில் கிடையாது. விரல் நூலிழை தள்ளி விழுந்தாலும் சுரம் விலகிவிடும். அதனால் வில்லைத் தொடுமுன் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஸ-ப-ஸ பாடுங்கள். பாட வராது என்று சாக்குச் சொல்ல வேண்டாம், முனகினாலும் போதும். தொண்டையில் நிற்காத ஸட்ஜம் விரலில் நிற்காது.

பரண் வயலினின் தந்தியை அவசரப்பட்டு முறுக்காதீர்கள். உள்ளே சவுண்ட் போஸ்ட் என்று ஒரு மரக்குச்சி, மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவே பசை இல்லாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். தந்தி தளர்ந்து கிடந்தால் அது சாய்ந்திருக்கும். மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அதுதான். அந்த நிலையில் தந்தியை ஏற்றினால் மேல் பலகை அமுங்கி விரிசல் விடும். வில்லின் முடியைப் பூச்சி தின்றிருக்கவும் கூடும். அப்படியே பின்பலகையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். 14 அங்குலம் என்றால் முழு அளவு. 13 என்றால் பிள்ளைகளுக்கான முக்கால் அளவு.

ஆரம்பத்தில் வெறும் தந்தியில் நீளமாக வில் போடுவதுதான் வேலை. பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பாடங்கள். பெரியவர்கள் ஓடிப்போவது இந்த இடத்தில்தான். தான் வாசிப்பது கர்ணகடூரம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, வாசித்துக்கொண்டே போகும். நமக்குத் தெரிந்து தொலைக்கிறது.

உங்கள் தொழிலுக்காக ஒன்று சொல்கிறேன். வில் முடியில் எண்ணெய் பட்டால் தந்தியில் பிடிப்பே இருக்காது, அப்புறம் பிடிப்புக்காகப் பூசும் ரோசின் பிசினை எவ்வளவு தேய்த்தாலும் வீண். கொட்டகையிலிருந்து வந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முடியைத் தொடாதீர்கள். ரோசின் பூசிய முடியில் பஞ்சுத் தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சுரத்தை அசைத்து இழுக்கும் கமகத்துக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும் என்று இடது கை விரல் நுனியில் மட்டும் துளி எண்ணெய் தொட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் உண்டு. இரண்டு கைகளையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

பொள்ளாச்சித் தோப்பு:
நானும் ஐம்பதை நெருங்கும்போது ஆரம்பித்தவன்தான். விரலைவிட முட்டிதான் படுத்தியது. சம்மணம் போட்டு, வலது காலைச் சற்று முன்னால் நீட்டி, கணுக்கால்மேல் வயலினின் தலையை ஊன்ற வேண்டும். மறுமுனை இடது தோள்பட்டையோடு சேர்ந்து நிற்கும். இப்படிப் பிடிப்பதால்தான் இடது கை கழுத்தைத் தாங்காமல் தாராளமாக மேலும் கீழும் ஓடுகிறது. முதலில் வெறுமனே அப்படி உட்கார்ந்து பழகுங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரித்துப் பஸ் காசைச் செலவழிக்க வேண்டாம். அங்கே சேர்வதற்கு உச்ச வயது 25.

சோமனூர்த் தறிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அளந்தேன், சரியாக 13. ஆட்டினேன், உருள்கிறது. வில்லில் பாதி முடி இல்லை. டீச்சரம்மா, போஸ்ட்டை நிறுத்தி, முடி மாற்றி இதிலேயே ஆரம்பிக்கலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

கோபி பிடில் டீச்சர்:
உங்கள் விரலுக்கு முக்கால் அளவு நெருக்கும். சுர இடங்களை இதில் பழகி அப்புறம் பெரியதில் மாற்றிப் பழகுவது இரட்டை வேலை. பழுது பார்த்து யாராவது பிள்ளைக்குக் கொடுங்கள். புதியதைக் கடையில் வாங்கும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் ஸ-ப-ஸ-ப சேர்த்து, தந்தியை முறுக்கும் பிரடை வழுக்காமல் நிற்கிறதா, தந்தியைத் தாங்கும் குதிரை ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அதுவரை முனகல் நடக்கட்டும். தறி ஓடும்போது வேண்டாம். மாதாந்திர மின்தடை நாளில் கொட்டகையிலேயே உட்கார்ந்து முனகி, செல்போனில் பதிந்து இங்கே போடுங்கள். ஸட்ஜம் நிற்கிறதா என்று நான் கேட்டுச் சொல்கிறேன்.