அம்மாவின் குழுவில் பாதிப் பேர் வாரக்கடன் வாங்கப் போகிறார்கள், என்ன சொல்வது?

கொள்ளிடக்கரை:
அம்மா எங்கள் ஊர் மகளிர் குழுவில் ஊக்குநர். 14 பேர், ஆறு வருடமாக மாதம் 200 ரூபாய் சந்தா, அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குள்ளேயே உள்கடன் கொடுத்து வாங்கியதில் இதுவரை ஒரு சிக்கலும் வந்ததில்லை. கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் மூன்று மாதமாக அலைய விடுகிறார்கள், கடைசியில் சேமிப்புப் பணத்தை டெபாசிட்டாகப் போடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றாராம் மேலாளர். இதற்குள் தனியார் நுண்கடன் ஆள் ஒருவர் தெருவுக்கே வந்து, ஆதார் போதும், ஆளுக்கு 40,000, வாரத் தவணை என்கிறார். ஏழு பேர் தயார். "அதுவும் குழுக்கடன்தானே" என்கிறார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, எனக்கும்தான்.

செல்வி அக்கா:
இரண்டும் ஒன்றில்லைம்மா. உங்கள் குழுவில் உள்கடன் வட்டி குழுவுக்கே திரும்புகிறது, யாருக்கு எவ்வளவு என்று 14 பேரும் உட்கார்ந்து பேசித் தீர்மான நோட்டில் எழுதுகிறார்கள். வாரக்கடனில் குழு எதற்கென்றால், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களைப் பிடிப்பதற்கு.

வங்கியை விடாதீர்கள். 10 லட்சம் வரை குழுக்கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது, சேமிப்பைப் பிடித்து வைக்கவும் கூடாது, ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது இது. அரசின் மகளிர் திட்டத்தில் இருக்கும் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டிதான். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்டத்து ஆட்கள் இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டியது, கணக்கு எல்லாம் நோட்டில் சரியாக இருக்கட்டும், கடனுக்காகக் குழுவின் தரம் பார்க்கும்போது இந்த ஐந்தைத்தான் பார்ப்பார்கள்.

வேப்பமரத்தடி:
என் அண்ணியும் இப்படித்தான் ஆரம்பித்தார். ஒன்றைக் கட்ட இன்னொன்று, கடைசியில் நாலு இடத்தில் கடன். ஒரு செவ்வாய்க்கிழமை தவணைக்காக மகளின் கம்மலைக் கழற்றினார், பக்கத்தில்தான் இருந்தேன். பிள்ளை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, தானாகவே தலையைச் சாய்த்துக் காட்டியது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்: 2022 ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அந்தக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கொடுக்கக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டு வசூல் கேட்கக் கூடாது.

புதுக்கோட்டைக்காரி:
எங்கள் மாவட்டத்தில் 1991-92ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள், என் அம்மாவும் அதில்தான் பழகினார். அதற்கு முன் கீரை விற்கப் போக பஸ்ஸுக்குக் காத்திருப்பார், இல்லையென்றால் அப்பா வர வேண்டும். அதனால் ஒன்று கேட்கிறேன். வங்கிக்கு யார் போகிறார்கள்? குழுவில் கையெழுத்துப் போடுகிறவர்களே போகட்டும், வீட்டு ஆண்களை அனுப்பாதீர்கள். மாடு வாங்கினால் பால் சங்க அட்டை யார் பெயரில் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். எங்கள் ஊரில் தீவனம் வைப்பதும் கறப்பதும் பெண், பால் பணம் மட்டும் வீட்டுக்காரர் கணக்கில் விழுகிறது.

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் அம்மா படித்துக் காட்டப் போகிறார், திங்கட்கிழமை ஒன்றியத்துக்கும் போகிறோம். பால் அட்டை விஷயத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் வீட்டு அட்டை அப்பா பெயரில்தான் இருக்கிறது.