வெள்ளி திம்பிளில் துரு வருமா?

கேட்டவர்: உழவுசால்

போன ஞாயிறு ஒரு பழைய பண்ணை வீட்டை ஒட்டிய உழுத நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான், மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரோடு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் அருமையான வெள்ளிச் சத்தம். ஆனால் மறுபக்கமிருந்து வீசினால் இரும்பு மாதிரி உறுமல், திரையில் எண் ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. ஆணிதான் என்று விட்டுப் போக இருந்தவன், மனசு கேட்காமல் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில், உள்ளே களிமண் அடைத்துக்கொண்டு, தைக்கும்போது விரலில் மாட்டும் திம்பிள் ஒன்று. சுற்றிலும் டெய்சி மாதிரி குட்டிப் பூக்கள், விளிம்பில் 8 என்ற எண். வெள்ளிதான், சந்தேகமில்லை. ஆனால் நுனிப்பக்கம் தேய்ந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி, விரலால் தேய்த்தாலும் போகவில்லை. வெள்ளியில் துரு வருமா? இங்கிலாந்து வெள்ளியில் தரத்துக்குக் குத்தும் சிங்க முத்திரை எதுவும் கண்ணில் படவில்லை. இப்போதைக்கு மண் ஊறட்டும் என்று தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கறுத்தவெள்ளி:

முதலில் அதைத் தண்ணீரிலிருந்து எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

எடுத்தாச்சா? சரி. வெள்ளி துருப்பிடிக்காது, கறுக்கும், அவ்வளவுதான். செம்மண் நிறம் தெரிகிறது என்றால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒட்டினால் அது டார்காஸ் வகையாக இருக்க நிறைய வாய்ப்பு. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த சார்லஸ் ஹார்னர் 1884-இல் காப்புரிமை வாங்கியது. வெள்ளி மெத்தென்ற உலோகம், கெட்டித் துணியில் ஊசியைத் தள்ளித் தள்ளி ஒரு நாள் அதிலேயே ஓட்டை விழுந்துவிடும், ஊசியின் பின்பக்கம் விரலில் ஏறும். அதனால் உள்ளும் புறமும் வெள்ளி, நடுவில் எஃகு என்று மூன்று அடுக்காகச் செய்தார். முழு வெள்ளி இல்லை என்பதால் வெள்ளி முத்திரை குத்த முடியாது, உங்கள் சிங்கம் இல்லாததற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். உங்கள் டிடெக்டர் பாவம் குழம்பியதும் இதனால்தான். அந்த 8 வருடமோ தரமோ அல்ல, விரல் அளவு.

பழம்பெட்டி:

முத்திரை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். எடை குறைந்த சின்னச் சாமான்களுக்கு அங்கே ரொம்ப காலம் முத்திரை கட்டாயமில்லை, முழு வெள்ளி திம்பிள்களே மொட்டையாக நிறையக் கிடைக்கும். 'ஸ்டெர்லிங்' என்று எழுத்தாக இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, 800 (ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி) என்று இருந்தால் ஜெர்மனி பக்கம் யோசிக்கலாம். காந்தம்தான் தீர்ப்பு சொல்லும்.

இன்னொன்று, இங்கிலாந்தில் தோண்டுகிறவர்கள் கவனத்துக்கு: 300 வருடத்துக்கு மேல் பழசாகவும் குறைந்தது 10 சதவீதம் வெள்ளியோ தங்கமோ உள்ளதாகவும் இருந்தால், 1996-ஆம் வருடச் சட்டப்படி அது புதையல், 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். 17-ஆம் நூற்றாண்டு திம்பிள்கள் இப்படித்தான் சிக்குகின்றன. ஒரு திம்பிளுக்கா இவ்வளவு என்று சிரிக்காதீர்கள்! உங்களுடையது அவ்வளவு பழசாகத் தெரியவில்லை.

உழவுசால்:

காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது! உள் மண்ணைப் பல் குத்தும் குச்சியால் எடுத்துவிட்டேன், விளிம்பில் 'சி.எச்.' எழுத்துகளும் தெரிகின்றன. இனி என்ன செய்வது? பேக்கிங் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டுப் பளபளப்பாக்கலாமா? ஒரு பக்கம் லேசாக நசுங்கியும் இருக்கிறது.

கறுத்தவெள்ளி:

சி.எச். என்றால் ஹார்னரேதான். சோடா வேண்டவே வேண்டாம். அதுவும் தண்ணீர் வேலைதானே, அந்தத் தேய்ந்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கினால் எஃகு துருப்பிடித்து உப்பி, மேல் வெள்ளியைப் பிளந்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் முக்கித் துடைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நசுங்கலை நிமிர்த்தப் போகாதீர்கள், விரிசல் விடும். நான் ஒன்றைக் குறடு வைத்து நிமிர்த்தி இரண்டாக்கியவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

கைத்தையல்:

எனக்கு டிடெக்டர் பற்றி ஒன்றும் தெரியாது, தைக்கத் தெரியும். தேய்மானம் உச்சியில் இருக்கிறதா, பக்கவாட்டிலா? நான் நடுவிரலின் பக்கவாட்டால்தான் ஊசியைத் தள்ளுவேன், என் திம்பிளில் நகத்துக்குக் கீழே ஒரே இடத்தில் குழிகள் மழுங்கிப் போயிருக்கும். அப்புறம் பெயர்க் காரணம்: பைபிளில் ஏழை விதவைகளுக்கு உடைகள் தைத்துக் கொடுத்தவர் டார்காஸ், தமிழ் பைபிளில் தொற்காள் என்று இருக்கும்.

உழவுசால்:

பக்கவாட்டில்தான் அக்கா. துருப்புள்ளிக்குச் சுற்றிலும் ஒரு பட்டாணி அளவுக்குக் குழிகளே இல்லை, வழவழவென்று இருக்கிறது. என் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் இறங்கவில்லை.