சாண் உயரம்கூட இல்லாத ஒரு புத்தர்

தென் கொரியாவின் சியோல் தேசிய அருங்காட்சியகம் என்றதும், அங்கே ஓர் அறையில் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் இரண்டு போதிசத்துவர் (புத்தராகும் பாதையில் இருப்பவர்) சிலைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். நியாயம்தான், நானும் அந்த அறையில் வெகுநேரம் நின்றேன். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதே கட்டடத்தில் இருக்கும் 16.2 செ.மீ. புத்தர். பொன்முலாம் பூசிய வெண்கலம், 539-ஆம் ஆண்டு, பழைய கொரிய அரசுகளில் ஒன்றான கோகுர்யோ நாட்டு வேலை. தேசியப் பொக்கிஷம் என்ற பெயர்ப்பலகை இல்லையென்றால் பலர் கடந்து போய்விடுவார்கள்.

குனிந்து முகத்தோடு முகம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒடுங்கி நீண்ட முகம், இதழோரம் லேசான சிரிப்பு. கைகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. வலக்கை அபயம் காட்டுகிறது. தாழ்ந்திருக்கும் இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருக்கின்றன. கோகுர்யோ உட்பட மூன்று அரசுகள் கொரியாவை ஆண்ட மூவரசுகள் காலச் சிலைகளில் அடிக்கடி காணும் வழக்கம் இது. கனத்த ஆடைக்குள் உடலின் வளைவே தெரியவில்லை. ஆனால் ஆடையின் ஓரங்கள் இருபுறமும் பறவை இறகுபோல் விறைப்பாக விரிகின்றன. சீனத்து வட வேய் அரசமரபுக் காலப் பாணியின் சாயல் அது. பின்னால் உள்ள திருவாசியில் தீச்சுவாலைகளைக் கரடுமுரடாகக் கீறியிருக்கிறார்கள். வழவழப்பான பிற்காலச் சிலைகளைவிட எனக்கு இந்த அவசரக் கோடுகள்தான் பிடித்திருக்கின்றன.

அவசரத்துக்குக் காரணமும் இருந்திருக்கலாம். திருவாசியின் பின்புறம் 4 வரிகளில் 47 எழுத்துகள் வெட்டியிருக்கிறார்கள்: இன்றைய பியோங்யாங் பக்கத்துக் கோவில் ஒன்றின் துறவியும் சீடர்களுமாக 40 பேர் ஆயிரம் புத்தர்களை வார்த்துப் பரப்ப முடிவு செய்தார்கள், இது 29-ஆவது. ஆயிரம் செய்யக் கிளம்பியவர்களிடம் நகாசு வேலையை எதிர்பார்க்க முடியுமா? வடக்கே வார்த்த இந்தச் சிலை 1963-இல் கிடைத்ததோ தென்கோடியில், உய்ரியோங் வட்டாரத்தில். அது கோகுர்யோ ஆண்ட மண்ணே அல்ல. யார் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்களோ!

மடியில் கட்டும் அளவு என்பதால் ஆபத்தும் வந்தது. 1967 அக்டோபரில், சியோலின் தொக்சு அரண்மனை அருங்காட்சியகத்தில் இருந்தபோது பட்டப்பகலில் திருடுபோனது. இரவுக்குள் திருப்பித் தருவதாகத் திருடன் சீட்டு எழுதி வைத்திருந்தான். சொன்னபடியே அன்றிரவு தொலைபேசியில் இடத்தையும் சொன்னான். ஹான் ஆற்று ரயில் பாலத்தின் தூணடியில் மணலைத் தோண்டி எடுத்தார்கள். ஆள் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.