சிறுநீரக மாற்றுக்குப் பின் பெண்களுக்கான வைரஸ் பரிசோதனைகள்: எவற்றைத் தவிர்க்கக் கூடாது?

மேலூர்க்காரி:
வணக்கம். எனக்கு வயது 36. என் தாயார் தந்த சிறுநீரகம் பொருத்தப்பட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் 1.1 அளவில் நிலையாக இருக்கிறது. வைரஸ் தொற்றைத் தடுக்கத் தந்த வால்கான்சிக்ளோவிர் மாத்திரையை ஆறாம் மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிகே என்ற வைரஸ் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனையை மட்டும் மாதந்தோறும் செய்யச் சொல்கிறார்கள். இதுவரை வைரஸ் இல்லை என்றே முடிவு வந்துள்ளது. காய்ச்சல் எதுவும் இல்லாதபோது, மதுரைக்கு வந்து போகும் செலவோடு இதையும் தாங்கத்தான் வேண்டுமா? இன்னொன்று, சில வாரங்களாக வெள்ளைப்படுதல் இருக்கிறது. சிறுநீரக மருத்துவரிடம் அதைச் சொல்லத் தயக்கமாக உள்ளது.

வைகைக்கரை (ஆய்வகப் பணி):
தவிர்க்காதீர்கள், சகோதரி. பிகே வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் உறங்கிக் கிடக்கும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளால்தான் அது விழித்துக்கொள்கிறது. காய்ச்சல் தராது, வலியும் தராது. கிரியாட்டினின் உயரும்போது சிறுநீரகத் திசு ஏற்கெனவே சேதமடைந்திருக்கும் என்பதால், அதற்கு முன்பே இரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைக் கொல்வதற்கென்று நம்பத்தக்க மருந்து இன்றுவரை இல்லை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அந்த மருந்துகளான மைக்கோபினோலேட்டையோ டாக்ரோலிமஸையோ மருத்துவர் குறைப்பதே சிகிச்சை. நீங்களாகக் குறைத்தால் உறுப்பு நிராகரிப்பு நேரிடலாம். பொதுவாக ஒன்பதாம் மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் இரண்டாண்டு நிறையும் வரை மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்பதே வழக்கம். ஆகவே உங்களுக்குச் செலவு விரைவில் குறையும். எப்போதும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள், ஏனெனில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்ணிக்கை மாறுபடும்.

வால்கான்சிக்ளோவிர் நிறுத்திய அடுத்த சில மாதங்களில்தான், அது தடுத்துவந்த சைட்டோமெகலோ வைரஸ் தலைகாட்டுவது அதிகம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்கள் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த முறை பார்க்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

திருமங்கலத்து அக்கா:
தங்கை, எனக்கு மாற்று அறுவை நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு ஆண்டுகள் கருப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் பதைக்கிறது. நம் மருந்துகளால், கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸை உடல் எளிதில் வெளியேற்ற முடிவதில்லை, அதனால் அந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு நமக்கு மற்றப் பெண்களைவிடக் கூடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது கடந்த பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை நல்லதுதான் என்றாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற அந்த இடைவெளி நமக்குப் போதாது. கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் மட்டும் என்றால் முதலில் ஆண்டுதோறும், தொடர்ந்து மூன்று முறை இயல்பாக வந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை, எச்.பி.வி. பரிசோதனையும் சேர்ந்து இயல்பாக வந்தால் தொடக்கத்திலிருந்தே மூன்றாண்டு இடைவெளி போதும். 65 வயதானாலும் இதை நிறுத்துவதில்லை.

வெள்ளைப்படுதலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் டாக்ரோலிமஸின் அளவை உயர்த்திவிடும். அது உயர்ந்தால் வைகைக்கரை சொன்ன அந்தப் பிகே வைரஸுக்கு வழி திறந்ததாகிவிடும். மகளிர் மருத்துவரிடம் உங்கள் மருந்துச் சீட்டை முதலில் நீட்டுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அம்மை போட்ட வீட்டிற்கு முறைக்காகக்கூடப் போகாதீர்கள். தெரியாமல் போய்விட்டால், கொப்புளம் வருகிறதா என்று பார்த்துக் கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது, நமக்கு இப்போது போடக் கூடாது, எச்.பி.வி. தடுப்பூசி அப்படிப்பட்டதன்று.

மேலூர்க்காரி:
அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. ஃப்ளூகோனசோல் அட்டை வீட்டில் வாங்கி வைத்திருந்தேன், இன்னும் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை காலை டாக்ரோலிமஸ் அளவுக்கு இரத்தம் கொடுக்க, இரத்தம் கொடுத்து முடியும் வரை காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு மதுரைக்கு வருகிறேன். அன்றே பிசிஆருக்கும் கொடுத்துவிட்டு, மகளிர் பிரிவிலும் சீட்டுப் போட்டுவிடுகிறேன்.