ஸ்னோமொபைல் (பனி வண்டி) பத்திரத்தில் வேறொருவர் பெயர், வாங்கலாமா?

குழுவில் ஸ்னோமொபைல் ஓடுகிற அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும்.

என் மச்சான் ஒன்ராறியோவின் ஹாலிபர்ட்டன் பக்கம் ஒரு பழைய ஸ்கி-டூ ஸ்னோமொபைல் பார்த்து வைத்திருக்கிறார். விலை பரவாயில்லை. ஆனால் பதிவுப் பத்திரத்தில் இருப்பது விற்கிறவரின் பெயர் இல்லை, அவருக்கு முன்பு வைத்திருந்தவரின் பெயர். இவர் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. கேட்டால், "பழைய ஆள் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார், அது காணும்" என்கிறார். ஒன்ராறியோவில் வாங்கி 6 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது இவருக்குத் தெரியாதா என்ன!

போன சனிக்கிழமை ஸ்னோமொபைல் பாதை (ட்ரெயில்) ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஓபிபி (ஒன்ராறியோ மாகாண) பொலிஸ் எங்களை மறித்தது. பதிவுப் பத்திரம், இன்சூரன்ஸ், லைசென்ஸ், ட்ரெயில் பெர்மிட் எல்லாம் கேட்டார்கள். ஒருவர் குனிந்து, கால் வைக்கிற இடத்துக்கு மேலே இருந்த பனியைக் கையுறையால் துடைத்து, விஐஎன் நம்பரை (வண்டியின் அடையாள எண்ணை) எழுத்தெழுத்தாகப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். மரியாதையாகத்தான் நடந்தார்கள். ஆனால் இந்த ஸ்கி-டூவோடு நின்றிருந்தால் களவு வண்டியோ என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள்.

இப்படி நடுவில் ஒருவர் விடுபட்ட பத்திரத்தைச் சர்வீஸ் ஒன்ராறியோ அரச அலுவலகத்தில் மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? பழைய சொந்தக்காரரின் விற்பனை ரசீதையும் கேட்டார்களா? பிறகு, வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தீர்கள்?

விற்கிறவர் ஞாயிறு வரைக்கும்தான் பொறுப்பாராம். மச்சான் காசோடு நிற்கிறார், நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.