உப்புக்காற்றில் நிற்கும் ஜீப்: சேசிஸுக்கு வீட்டிலேயே துருத்தடுப்பு பெயின்ட் அடிக்கலாமா?

முத்துநகர்க்காரன் (கேள்வி):

வணக்கம். என்னிடம் 1994ஆம் ஆண்டு மாடல் மகிந்திரா எம்எம் 540 ஜீப் ஒன்று உள்ளது. வீடு தூத்துக்குடியில், உப்பளங்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டி திறந்த கொட்டகையில் நிற்கும். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் விட்டு, சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுவதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் கறுப்பு எனாமலும் அடித்து வாங்கினேன். எட்டு மாதம்கூட ஆகவில்லை. பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடத்தில் அம்மைக் கொப்புளம் போலப் பெயின்ட் எழும்பியிருக்கிறது. நகத்தால் கீறினால் அப்பளமாக உரிந்து வருகிறது. அடியில் ஈரமும் செம்பொடியும் இருக்கின்றன.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் நானே இந்த வேலையைச் செய்து முடிக்க விரும்புகிறேன். பாடியைக் கழற்றும் எண்ணமில்லை. எந்தப் பெயின்ட் நிற்கும், துருவை வேறு பொருளாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் திரவம் கட்டாயம் வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கப்பல்பட்டறை (பதில்):

நண்பரே, பெயின்டின் பெயரைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கொப்புளத்துக்குள் ஈரம் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. துருவின் சின்னஞ்சிறு குழிகளில் உப்பு தங்கியிருக்கும்போது அதன்மேல் பெயின்ட் அடித்தால், அந்த உப்பு பெயின்ட் படலத்தின் வழியாகவே வெளியிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூடிய இடத்திலும் இரும்பை அரிக்கும். கம்பி பிரஷ் இந்த உப்பை எடுக்காது. துருவின் மேற்பரப்பைப் பளபளவென்று மெருகேற்றிவிட்டு, குழிகளை அப்படியே விட்டுவிடும். ஆகவே பெயின்டைவிட கழுவுதல்தான் முக்கியம்.

தூத்துக்குடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவிக் காயவைத்தால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகும். முதல் இரண்டு கழுவலை எந்தத் தண்ணீரிலும் செய்யுங்கள். கடைசிக் கழுவலை மழைநீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ, குழிகளுக்குள் நைலான் பிரஷ்ஷால் நன்றாகக் குத்தித் தேய்த்துச் செய்யுங்கள். கழுவிய பின் மீண்டும் தேய்த்து, மீண்டும் கழுவ வேண்டும். தேய்க்கும்போது புதிய குழிகள் திறக்கும் என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்த முடியாது.

எஞ்சிய எனாமலையும் முழுமையாக எடுத்துவிடுங்கள். அதன்மேல் எபாக்ஸி (ஹார்டனர் என்னும் இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால், எபாக்ஸி தின்னர் பழைய எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும். பிறகு ஜிங்க் பாஸ்பேட் கலந்த, இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் எபாக்ஸி கறுப்பு ஒரு கோட். எபாக்ஸி வெயிலில் வெளுத்துப் பொடியாகும் என்பது உண்மைதான். வண்டியின் அடியில் வெயில் எங்கே படுகிறது?

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஈரமான பெயின்ட் கூர்மையான விளிம்புகளிலிருந்து விலகி ஓடும். அதனால் சேசிஸ் சேனலின் (நீள இரும்புச் சட்டத்தின்) ஓரத்திலும் வெல்டிங் தழும்பிலும் போல்ட் தலையிலும் படலம் காகிதத்தைவிட மெல்லியதாகிவிடும், துரு முதலில் அங்கேதான் கிளம்பும். ஓரங்களை அரத்தால் சற்று மழுக்கிவிட்டு, அந்த இடங்களில் மட்டும் ஒரு அங்குல பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுத்து, அதன் பிறகே முழுக் கோட்டும் அடியுங்கள். கப்பல் வேலையில் இதை விட்டுவிட்டால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போடமாட்டார்.

காலை பத்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். இரும்பின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எபாக்ஸியை ஒரே தடவையில் நிறையக் கலக்கவும் வேண்டாம். நம் வெயிலில் டப்பாவே சூடேறி, அரைமணி நேரத்தில் கல்லாகிவிடக்கூடும்.

கடுக்காய்மை (பதில்):

ரஸ்ட் கன்வர்ட்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சந்தையில் இரண்டு வகை கிடைக்கும். டானிக் அமிலம் உள்ளது துருவை நீலங்கலந்த கறுப்பாக மாற்றும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான். பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டும் மெல்லிய, இறுகப் பிடித்த துருவுக்கு மட்டுமே பயன்படும். தகடு தகடாக உரியும் துருவுக்குள் இறங்காது.

கப்பல்பட்டறை அவர்கள் சொன்ன முறையில் இரும்பைச் சுத்தம் செய்ய முடிந்தால் கன்வர்ட்டரே தேவையில்லை என்பது என் கருத்து. அடித்தே தீர வேண்டுமானால், அமிலம் மிச்சமிருந்தால் அது எபாக்ஸியின் ஹார்டனரைக் கெடுக்கும் என்பதை நினைவில் கொண்டு, நன்கு கழுவிக் காயவிடுங்கள். டானிக் வகைக்கு மேலே எபாக்ஸி அடிக்கலாமா என்பதை அந்தந்த டப்பாவிலுள்ள குறிப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பழையவண்டி (பதில்):

மேலே உள்ளவற்றோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். 15 ஆண்டு கடந்த வண்டியென்பதால் ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகும்போது சேசிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுப்பார்கள். மூன்று கோட் எபாக்ஸி அந்த எழுத்துகளை மூடிவிட்டால் பிறகு சுரண்டவேண்டி வரும். சுரண்டிய நம்பரைப் பார்த்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அங்கே டேப் ஒட்டிவிட்டு, வேலை முடிந்ததும் மெல்லிய கிரீஸ் மட்டும் தடவுங்கள். எர்த் ஒயர் பிடிக்கும் இடம், கிரீஸ் நிப்பிள், பிரேக் ஹோஸ் ஆகியவற்றிலும் பெயின்ட் படக் கூடாது.

சேசிஸ் எங்கெல்லாம் பெட்டி போல மூடியிருக்கிறதோ அங்கெல்லாம் துரு உள்ளிருந்துதான் வரும். பிரஷ் போகாத அந்த இடங்களுக்கு நீளக் குழாய் வைத்த ஸ்பிரேயால் கேவிட்டி வாக்ஸ் (உள்கூட்டில் பூசும் துருத்தடுப்பு மெழுகு) அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், உப்பளத்து மணலையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் இரும்பு ஸ்டாண்டு நான்கு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் கல்லையும் வைக்காதீர்கள், அது திடீரென நொறுங்கும்.

முத்துநகர்க்காரன்:

அனைவருக்கும் நன்றி. பட்டறையில் விசாரித்தேன், போர் தண்ணீரில் ஒரே ஒரு முறை கழுவியிருக்கிறார்கள். நேற்று சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ‘ணங்’ என்று கேட்டது. இடது பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்துக்கு அருகே மட்டும் ‘தொப்’ என்றது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியதும் முனை உள்ளே போய்விட்டது.

கப்பல்பட்டறை:

அப்படியானால் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். வண்டியின் எடையைத் தாங்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும்போது எந்தப் பெயின்டும் அதற்கு வலுவைத் தராது. மெலிந்த பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகடு வைத்து, சேசிஸ் வேலை தெரிந்த வெல்டரிடம் கொடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டேங்க்கை இறக்கிவிட்டே வெல்டிங் தொடங்கச் சொல்லுங்கள். வாக்ஸ் எரியும் என்பதால் அதைக் கடைசியில் அடிக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் உள்பக்கப் பெயின்ட் கருகியிருக்கும். ஆகவே தகட்டின் பின்புறத்துக்கு வாக்ஸை இரண்டு முறை அடியுங்கள்.